விதி, லக், சான்ஸ்: ஆங்கிலத்தில் எதை எங்கே சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் சாயங்கால வேளையில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நர்ஸுகள் வருகிறார்கள், மணலி கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர்கள், பாரிமுனை கிளியரிங் ஆபீஸ் பையன்கள், கப்பல் வேலைக்குக் காத்திருப்பவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருகிறார்கள். இலக்கணத்தைக் கூட ஒருவழியாகப் பிடித்துவிடுகிறார்கள், ஆனால் விதி, ராசி, நேரம், அதிர்ஷ்டம் என்று நாம் வீட்டில் நாள் முழுக்கப் பேசுவதை ஆங்கிலத்தில் சொல்லும்போதுதான் தடுமாறுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

'ஃபேட்', 'டெஸ்டினி' இரண்டுமே விதிதானே? எதை எப்போது சொல்வது?

இரண்டும் விதிதான், ஆனால் போகிற திசை வேறு. 'ஃபேட்' என்றாலே கொஞ்சம் கெட்டது நடந்த சாயல் இருக்கும். கடலுக்குப் போன போட் திரும்பவில்லை என்றால் அதில் போனவர்களின் 'ஃபேட்' தெரியவில்லை என்று பத்திரிகையில் எழுதுவார்கள், 'டெஸ்டினி' என்று ஒருநாளும் எழுத மாட்டார்கள். 'டெஸ்டினி' பெரிய இடத்துக்குப் போவதற்கான சொல். சாதிக்கப் பிறந்தவர், அந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வரும்.

'ஃபேட்' லத்தீனில் 'சொல்லப்பட்டது' என்ற பொருளில் இருந்து வந்தது. நமக்கு அது தலையில் எழுதியது, ரோமானியர்களுக்கு அது வாயால் சொல்லியாயிற்று, இனி மாறாது. 'டெஸ்டினி'யின் வேர் 'உறுதியாக நிறுத்துவது'. பஸ்ஸிலும் ரயிலிலும் பார்க்கிற 'டெஸ்டினேஷன்' அதே குடும்பம்தான்.

இன்னொன்று. ஆங்கிலம் பேசுகிறவர்கள் சாதாரணப் பேச்சில் இந்த இரண்டையும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. அவர்கள் வாயில் வருவது 'இட் வாஸ் மென்ட் டு பி'. நடக்கணும்னு இருந்தது, நடந்தது. கல்யாணம், வேலை, வீடு, எதற்கும் பொருந்தும். நடக்காமல் போனால் 'இட் வாஸன்ட் மென்ட் டு பி'. இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

"இன்னா பண்றது, எல்லாம் என் தலையெழுத்து" என்பதை எப்படிச் சொல்வது?

தலையையும் எழுத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள், கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. முதலில் விஷயம் சின்னதா பெரியதா என்று பாருங்கள்.

சின்னது என்றால் 'ஜஸ்ட் மை லக்'. குடை எடுக்காத நாளில் மழை, ஓடிப்போய் நின்றதும் 56 நம்பர் பஸ் கிளம்புகிறது, அதற்கெல்லாம் இதுதான். சொற்களைப் பார்த்தால் அதிர்ஷ்டத்தைப் பேசுவது போல இருக்கும், ஆனால் சலிப்பாகத்தான் சொல்வார்கள்.

கொஞ்சம் பெரியது, ஆனால் தாங்கிக்கொள்ளலாம் என்றால் 'தட்ஸ் லைஃப்' அல்லது 'இட் இஸ் வாட் இட் இஸ்'. நம் "வுடு, அவ்ளோதான்" இருக்கிறதே, அதன் இடம் இது.

சாவு வீட்டில் "அவர் விதி அவ்வளவுதான்" என்று ஆறுதல் சொல்கிறோமே, அதை ஆங்கிலத்தில் சொல்லலாமா?

சொல்லவே கூடாது. இதை நர்ஸுகளுக்கு நான் அழுத்தி அழுத்திச் சொல்கிறேன், வெளிநாடு போகிறவர்களுக்கு இன்னும் அதிகமாக.

நம் தெருவில் ஒரு சாவு விழுந்தால் பந்தல் போட்ட கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு பெரியம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் எழுதி வச்சது அவ்ளோதாம்மா, நீ இன்னா பண்ணுவ" என்று சொல்வார். அந்தச் சொல்லுக்குள் பெரிய கருணை இருக்கிறது. நீ இன்னும் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாமோ, அந்த மாத்திரையை மாற்றாமல் இருந்திருக்கலாமோ என்று அவள் தன்னையே குடைந்துகொண்டிருப்பதை அந்த ஒரு வரி நிறுத்துகிறது. பழியை அவள் மேலிருந்து எடுத்து மேலே போட்டுவிடுகிறது.

அதையே ஒரு ஆங்கிலேயரிடம் 'இட் வாஸ் ஹிஸ் ஃபேட்' என்று சொன்னால், அவர் சாக வேண்டியவர்தான் என்று நீங்கள் தீர்ப்பு சொன்ன மாதிரி காதில் விழும். கருணை வழியிலேயே உதிர்ந்துபோய்விடும். 'ஐ ஆம் சோ சாரி ஃபார் யுவர் லாஸ்' என்று சொல்லுங்கள். அதற்குமேல் சொல்ல வேண்டுமென்றால், 'தேர் வாஸ் நத்திங் மோர் யூ குட் ஹேவ் டன்'. இதற்குமேல் நீங்கள் செய்திருக்கக்கூடியது ஒன்றும் இல்லை. நம் பெரியம்மா சொன்னதற்கு மிக நெருக்கமான ஆங்கிலம் இந்த வாக்கியம்தான் என்பது என் எண்ணம், விதி என்ற சொல் இல்லாமலேயே. ஆனால் அது உண்மையாக இருக்கும்போது மட்டும் சொல்லுங்கள்.

'ஃபேட்டல்', 'ஃபேட்ஃபுல்' ஒன்றா?

இல்லை. 'ஃபேட்டல்' என்றால் உயிர் போனது. 'ஃபேட்ஃபுல்' என்றால் அதற்குப் பிறகு எல்லாமே மாறிப்போனது, 2004 டிசம்பர் 26 காலை மாதிரி. அது சுனாமி என்பதால் கெட்டதாக இருந்தது, மற்றபடி 'ஃபேட்ஃபுல்' சந்திப்பு நல்லதாகவும் முடியலாம். ரிப்போர்ட்டில் ஒருவருக்குக் கால் முறிந்ததை 'ஃபேட்டல்' என்று எழுதிவிட்டால் அவரைக் கொன்றுவிட்டீர்கள் என்று அர்த்தம், கவனம்.

நாம் சொல்லும் 'சான்ஸ்', ஆங்கிலத்து 'சான்ஸ்' இரண்டும் ஒன்றா?

பாதி ஒன்று. சினிமாவில் சான்ஸ் கேட்பது, ஒரு சான்ஸ் கொடுங்க சார் என்பது, இதெல்லாம் ஆங்கிலத்திலும் சரிதான். ஆனால் பாட்டு பிரமாதமாக இருந்தால் நாம் "சான்ஸே இல்ல" என்கிறோமே, அதை அப்படியே 'நோ சான்ஸ்' என்று சொன்னால், நடக்கவே நடக்காது என்று மறுத்ததாக ஆகிவிடும். பாடியவர் முகம் வாடிப்போகும்.

'சான்ஸ்' பிறந்தது 'விழுவது' என்ற லத்தீன் வேரில். தாயக்கட்டை எப்படி விழுகிறதோ அப்படி. அதனால்தான் அந்தச் சொல்லுக்குள் எழுதி வைத்தவர் யாரும் இல்லை. 'ஃபேட்' சொன்னால் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள், 'சான்ஸ்' சொன்னால் யாரும் முடிவு செய்யவில்லை, அதுவாக விழுந்தது. இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்தால் மற்ற சொற்களைப் பிரித்துக்கொள்வது சுலபம்.

பணிவாகக் கேட்க 'பை எனி சான்ஸ்' ரொம்ப உதவும். 'டு யூ ஹேவ் எ பென், பை எனி சான்ஸ்?' என்றால், பேனா இருந்தாக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா என்ற பதம் வந்துவிடும். 'டேக் எ சான்ஸ்' என்றால் துணிந்து இறங்குவது.

அப்புறம் ஒரு பொறி: 'ஸ்லிம் சான்ஸ்' என்றால் வாய்ப்புக் குறைவு. 'ஃபேட் சான்ஸ்' என்று காதில் விழுவதில் முதல் சொல் விதி இல்லை, 'குண்டு' என்று பொருள்படும் 'ஃபேட்'. குண்டு வாய்ப்பு என்றால் நிறைய வாய்ப்பு என்று நினைக்கத் தோன்றும். இல்லை, அதற்கும் வாய்ப்பே கிடையாது என்றுதான் பொருள், கிண்டலாகச் சொல்வது.

ஆஸ்பத்திரியில் 'கேஷுவாலிட்டி' என்கிறோமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஸ்டான்லியில் (கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று இன்றும் சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள்) அடிபட்டவரை முதலில் தள்ளிக்கொண்டு ஓடுவது கேஷுவாலிட்டிக்குத்தான். அந்தச் சொல்லும் அதே 'விழுவது' வேரில் வந்தது. முதலில் எதிர்பாராமல் நடப்பது என்ற பொருள், பிறகு போரில் இழந்த ஆட்கள், பிறகு அடிபட்டு வருபவர்களைப் பார்க்கும் அறை. 'ஆக்ஸிடென்ட்', 'கோயின்சிடென்ஸ்' எல்லாம் அதே வேர்தான்.

வெளிநாட்டு நேர்காணலுக்குப் போகும் நர்ஸுகளுக்கு ஒரு வார்த்தை: பிரிட்டனில் இப்போது ஆவணங்களில் 'ஏ அண்ட் ஈ' (ஆக்ஸிடென்ட் அண்ட் எமர்ஜென்ஸி) என்பார்கள், அமெரிக்காவில் 'ஈ ஆர்' (எமர்ஜென்ஸி ரூம்). பிரிட்டனில் கேஷுவாலிட்டி என்றாலும் புரியும். அமெரிக்காவில் அப்படிச் சொன்னால் செத்தவர்கள், காயம்பட்டவர்கள் கணக்கைப் பற்றிப் பேசுவதாக நினைப்பார்கள்.

டேங்கர் லாரியில் எழுதியிருக்கும் 'ஹசார்ட்'?

மணலி, எண்ணூர் ரோட்டில் நாள் முழுக்கப் பார்க்கிறோம். அதுவும் ஒரு காலத்தில் பகடை விளையாட்டின் பெயர். ஆட்டத்தில் பணம் போகலாம் என்பதில் இருந்து ஆபத்து என்ற பொருளுக்கு நகர்ந்தது. இப்போது அதில் அதிர்ஷ்டத்தின் சாயலே கிடையாது. தெரிந்த ஆபத்து, தெரிந்ததால் தடுக்க வேண்டிய ஆபத்து என்றுதான் பாதுகாப்புப் பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யார்டில் வேலை செய்பவர்கள் இந்தப் பொருளிலேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஜெயித்தவரிடம் 'யூ ஆர் லக்கி' என்று சொல்வது பாராட்டா?

இல்லை, பல நேரம் அவமானம். லாட்டரி விழுந்தவர் லக்கி. (நம் மாநிலத்தில் அது 2003லேயே தடை செய்யப்பட்டது.) உழைத்து ஜெயித்தவரை லக்கி என்றால், உன் உழைப்பு கணக்கில் இல்லை என்று சொல்வதாக ஆகும்.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வடசென்னையில் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கிறது, பவுடர் தட்டித் தட்டி வழுவழுப்பாக்கி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டு ராத்திரி வரை ஆடுவார்கள். ஸ்ட்ரைக்கர் எங்கோ பட்டு, குறி வைக்காத காயின் பாக்கெட்டில் விழுந்தால் "ஃப்ளூக்குடா" என்று எல்லாரும் கத்துவார்கள். அது அச்சு அசலான ஆங்கிலம், பில்லியர்ட்ஸ் மேஜையில் இருந்து வந்த சொல், தற்செயலாக விழுந்த அடி என்று பொருள். நம் பையன்கள் அதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் வியாசர்பாடி இளவழகி 2008இல் உலகச் சாம்பியன் ஆனதையோ, புது வண்ணாரப்பேட்டை காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியதையோ யாராவது ஃப்ளூக் என்பார்களா? காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். அந்த வீட்டில் இருந்து அந்த மேடை வரை போன தூரத்தை 'லக்கி' என்ற சொல்லில் அடைக்கக் கூடாது. 'ஷி எர்ன்ட் இட்', அவள் அதைச் சம்பாதித்தாள், என்று சொல்லுங்கள். தடைகளை மீறி வந்ததையும் சேர்க்க வேண்டுமா, 'அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்'.

உங்களைப் பற்றி நீங்களே சொல்லும்போது மட்டும் 'ஐ வாஸ் லக்கி' அடக்கமாக ஒலிக்கும், பரவாயில்லை.

'லக் அவுட்' என்றால் அதிர்ஷ்டம் போய்விட்டது என்றுதானே?

அமெரிக்காவில் 'லக் அவுட்' என்றால் அதிர்ஷ்டம் அடித்தது என்று பொருள். 'அவுட் ஆஃப் லக்' என்றால்தான் போனது. 'புஷ் யுவர் லக்' என்பது கிடைத்ததோடு நிற்காமல் மேலும் மேலும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது.

'ஆக்ஸிடென்ட்', 'ஆக்ட் ஆஃப் காட்', 'அன்டுவர்ட் இன்சிடென்ட்' என்று பேப்பர்களில் வருகிறதே, இவற்றில் என்ன இருக்கிறது?

பணம் இருக்கிறது, பொறுப்பு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

'ஆக்ட் ஆஃப் காட்' சட்டத்துக்குள் வந்த சொல். மனிதக் கை படாமல், யாராலும் முன்கூட்டிப் பார்த்துத் தடுக்க முடியாமல், இயற்கை செய்தது என்று பொருள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை அப்படிப்பட்டது. ஆனால் அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு மேன்ஹோல் மூடியில்லாமல் இருந்து அதில் ஒருவர் விழுந்தால் அது கடவுள் செய்ததில்லை, மூடி போட வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். இரண்டும் ஒரே நாளில் ஒரே தெருவில் நடப்பதால் நாம் இரண்டையும் ஒன்றாகவே "விதி" என்று சொல்லிவிடுகிறோம்.

வண்டி இன்ஷூரன்ஸிலும் இதைப் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் வெள்ளத்தில் போன உங்கள் சொந்த வண்டிக்கு ஒன்றும் வராது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசியில்தான் வெள்ளம், புயல் எல்லாம் வரும்.

'அன்டுவர்ட் இன்சிடென்ட்' என்பது வேண்டாத சம்பவம் என்று மேலோட்டமாகத் தோன்றும், ஆனால் 1989 ரயில்வே சட்டத்தில் அதற்கு வரையறையே இருக்கிறது. ஓடும் ரயிலில் இருந்து பயணி ஒருவர் தற்செயலாக விழுவதும் அதில் அடக்கம். கும்மிடிப்பூண்டி லைனில் காலை வண்டியில் படியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைத் தினம் பார்க்கிறோம். டிக்கெட்டோ சீசனோ வைத்துப் பயணம் செய்தவர் அப்படி விழுந்து இறந்தால், ரயில்வேயின் மீது தவறு இருக்கிறது என்று நிரூபிக்காமலேயே குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம். 2017 முதல் உயிரிழப்புக்கு அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும், அதற்கு சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. தற்கொலை, குடிபோதை, தானே வரவழைத்துக்கொண்ட காயம், சொந்த வியாதி, இவற்றுக்குக் கிடையாது. தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும்போது அடிபட்டாலும் இந்தப் பிரிவில் வராது.

இப்போது யோசியுங்கள். காரியம் முடிந்து, "அவன் விதி முடிஞ்சுது" என்று எல்லாரும் சொல்லி, வீட்டிலும் அதையே நம்பி, ஒரு வருடம் ஓடிப்போனால் அந்தக் குழந்தைகளின் படிப்புக்கு வந்திருக்க வேண்டிய பணம் போய்விடுகிறது. கால தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் அது தனி அலைச்சல். அழும்போது விதி என்று சொல்லுங்கள், தப்பே இல்லை, எனக்கும் அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. மனு எழுதும்போது அதை உள்ளே விடாதீர்கள். அங்கே வேண்டியது 'ஆக்ஸிடென்டல் ஃபால்', எந்த வண்டி, எந்த ஸ்டேஷன், எத்தனை மணி.

அறிக்கைகளில் 'அன்ஃபார்ச்சுனேட் இன்சிடென்ட்' என்று போடுகிறார்களே, அது வருத்தம் தெரிவிப்பதுதானே?

வருத்தம் தெரிவிப்பது போல இருக்கும், பொறுப்பை எடுத்துக்கொள்ளாது. 'ஃபார்ச்சூன்' ரோமானியர்களின் அதிர்ஷ்ட தேவதை ஃபார்ச்சுனாவின் பெயர், சக்கரம் அவளுடைய அடையாளம். 'அன்ஃபார்ச்சுனேட்' என்றால் அவள் கண் திறக்கவில்லை என்று பொருள், யாரும் எதுவும் செய்யவில்லை என்று பொருள்.

பாதாளச் சாக்கடையில் இறங்கி விஷவாயு தாக்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தியில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. 1993க்குப் பிறகு அப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இத்தனை தெளிவாக இருக்கும்போது அங்கே துரதிர்ஷ்டம் எங்கிருந்து வந்தது? அந்த இடத்துக்கான ஆங்கிலச் சொல் 'நெக்ளிஜென்ஸ்', அலட்சியம். தெரிந்துகொள்ளுங்கள், எழுத்துக் கூட்டப் பழகுங்கள், தேவைப்படும் இடத்தில் எழுதுங்கள்.

சர்ச்சில் 'ப்ரீடெஸ்டினேஷன்' என்று பாஸ்டர் சொன்னார். அதுவும் விதியா?

விதி இல்லை. விதியில் யார் எழுதினார்கள் என்பதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை. இதில் கடவுள்தான், அவருடைய சித்தம்தான், அதுவும் முக்கியமாக ரட்சிப்பைப் பற்றியது, பஸ் கிடைக்குமா வேலை கிடைக்குமா என்பதைப் பற்றியது இல்லை.

நம் தமிழ் வேதாகமத்திலேயே இந்தச் சொல் அழகாக இருக்கிறது. ரோமர் 8ஆம் அதிகாரம் 29, 30 வசனங்களில் 'முன்னறிந்தார்', 'முன்குறித்தார்' என்று இரண்டு சொற்கள் அடுத்தடுத்து வரும். முன்னறிவது என்றால் நடக்கப்போவது அவருக்குத் தெரியும். முன்குறிப்பது என்றால் அவரே தீர்மானித்தார். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் பல நூற்றாண்டு வாக்குவாதம் நடந்திருக்கிறது. பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் இதைப் பற்றி எழுதினார், 16ஆம் நூற்றாண்டில் ஜெனீவாவில் இருந்த ஜான் கால்வின் இன்னும் கறாராகச் சொன்னார், 18ஆம் நூற்றாண்டில் மெதடிஸ்டுகளின் ஜான் வெஸ்லி அதை ஏற்கவே மறுத்தார். இந்த இரண்டு பக்கத்து மரபும் 1947இல் சென்னையில் ஒன்று சேர்ந்த சி.எஸ்.ஐ. சபைக்குள் இருக்கின்றன என்பது எனக்கு மிகப் பிடித்த விஷயம்.

பேச்சு ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வேண்டிய அவசியம் அநேகமாக வராது. 'ப்ளான்' என்ற சொல்தான் ஓடுகிறது, 'காட் ஹேஸ் எ ப்ளான்' என்பார்கள்.

"இன்ஷா அல்லாஹ்", "நஸீபு" என்று வீட்டில் சொல்கிறோம், ஆங்கிலத்தில்?

மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டை பிள்ளைகள் கேட்பது. 'இன்ஷா அல்லாஹ்' அப்படியே சொல்லலாம், உலகம் முழுக்கப் புரியும். மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் 'காட் வில்லிங்'. நஸீபு என்றால் ஒருவருக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. அதே பொருளில் உள்ள 'கிஸ்மத்' துருக்கி வழியாக 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கே போய்விட்டது. ஆங்கிலத்தின் சொந்தச் சொல் 'லாட்'. குலுக்கலில் வந்த சீட்டு என்பதுதான் அதன் முதல் பொருள், 'லாட்டரி', வீட்டு வாரியத்தின் 'அலாட்மென்ட்' எல்லாம் அதன் உறவு. 'மை லாட் இன் லைஃப்' என்றால் எனக்கு வாய்த்தது இவ்வளவு.

'கர்மா' நம் சொல்தானே, தைரியமாகப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம், ஆனால் அங்கே போய்ச் சுருங்கிவிட்டது. நமக்கு அது போன பிறவிக் கணக்கு. ஆங்கிலப் பேச்சில் கர்மா என்றால் காலையில் ஒருவரை ஏமாற்றியவர் சாயங்காலம் ஏமாறுவது. கெட்டவருக்குக் கெட்டது நடக்கும்போது திருப்தியாகச் சொல்வார்கள். அதனால் உடம்பு சரியில்லாதவரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், நீ ஏதோ தப்பு பண்ணியிருக்கிறாய் என்று கேட்கும். நாம் எரிச்சலில் சொல்லும் "கருமம்டா"வுக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான், ஆனால் பொருளில் ஒட்டே கிடையாது.

'குட் லக்' சொல்வதா, 'ஆல் த பெஸ்ட்' சொல்வதா?

இரண்டும் சரி. பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் 'குட் லக்' சொன்னால் படிக்கவில்லை, லக்கில் எழுதப்போகிறாய் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கண் படக் கூடாது என்பதற்கு 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'.

கொடுத்து வச்சவங்க, ராசியான கை, நேரம் சரியில்லை?

'கொடுத்து வச்சவங்க' என்பதற்கு 'ப்ளெஸ்ட்' நன்றாகப் பொருந்தும், கோயிலுக்குப் போகாதவர்கள் கூட அதைச் சொல்கிறார்கள். பொறாமையோடு சொல்ல வேண்டுமானால் 'சம் பீப்பிள் ஹேவ் ஆல் த லக்'.

ராசியான கைக்கு நேர்ச் சொல் இல்லை. காசிமேட்டில் முதல் போனி இன்னார் கையால் நடந்தால் அன்றைக்கு ஏலம் நன்றாகப் போகும் என்று சொல்கிறோம், அதை 'ஷி ப்ரிங்ஸ் மீ லக்' என்று ஒருவிதமாகச் சொல்லலாம். 'நேரம் சரியில்லை' என்பதை 'பேட் டைம்' என்று சொல்லாதீர்கள், 'இஸ் திஸ் எ பேட் டைம்?' என்றால் இப்போது பேசலாமா, தொந்தரவா என்று கேட்பது. 'எ பேட் பேட்ச்' அல்லது 'எ ரன் ஆஃப் பேட் லக்' என்று சொல்லுங்கள், சனி பெயர்ச்சி இல்லாமலேயே விஷயம் போய்ச் சேரும்.

எதேச்சையாகச் சந்தித்தால்?

'வாட் எ கோயின்சிடென்ஸ்'. தேடாத நல்லது ஒன்று கையில் கிடைத்தால் 'செரண்டிபிட்டி'. ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754 ஜனவரியில் எழுதிய ஒரு கடிதத்தில் உருவாக்கிய சொல் இது. செரண்டிப் நாட்டு இளவரசர்கள் மூவரின் கதையில் இருந்து எடுத்தார், செரண்டிப் என்பது அரபு, பாரசீக வணிகர்கள் இலங்கைக்கு வைத்திருந்த பெயர். ராமேஸ்வரத்துக்கு அக்கரையில் இருக்கும் தீவு இங்கிலீஷ் அகராதிக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது.

வேறு எந்தெந்தச் சொற்களில் விதி ஒளிந்திருக்கிறது?

'ஹேப்பி' என்பதன் பழைய பொருள் அதிர்ஷ்டசாலி. 'ஹேப்பன்', 'பெர்ஹாப்ஸ்' அதன் உறவு. 'வியர்ட்' பழைய ஆங்கிலத்தில் விதியேதான், ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளை அந்தச் சொல்லால்தான் அழைப்பார்கள், விசித்திரம் என்ற பொருள் பிறகு வந்தது. 'டூம்' என்றால் முதலில் தீர்ப்பு. ராத்திரி மூன்று மணி வரை போனில் கெட்ட செய்தியாகத் தள்ளிக்கொண்டே போவதை இப்போது 'டூம்ஸ்க்ரோலிங்' என்கிறார்கள்.

நேர்காணலில் "எப்படி இந்த இடத்துக்கு வந்தீர்கள்?" என்று கேட்டால் 'பை காட்ஸ் கிரேஸ்' என்று சொல்லலாமா?

சொல்லுங்கள், உங்கள் நம்பிக்கை அது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைகள் பலர் அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், எதிரே இருப்பவருக்கு எழுதிக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. காலையில் பேப்பர் போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போனது, அம்மாவின் மீன் கடையில் கணக்கு எழுதியது, நைட் ஷிஃப்டில் தனியாக வார்டைப் பார்த்தது, இதையெல்லாம் 'ஐ' என்று தொடங்கும் வாக்கியத்தில் சொல்லுங்கள். 'ஐ வொர்க்ட்', 'ஐ லேர்ன்ட்', 'ஐ ஹேண்டில்ட்'. மூன்று வாக்கியம் போதும். கிரேஸை முதலில் சொல்வதா கடைசியில் சொல்வதா என்பது உங்கள் விருப்பம்.